சாயக் கம்பெனி அண்ணன்

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பது சரிதான். ஆனால் படம் போடுகிற தம்பி உடையான் தபால்காரனைக் கண்டால் அஞ்சுவான். வந்த கடிதத்தில் என்ன இருக்கும் என்று பிரிக்காமலே தெரியும். சௌக்கியமா என்று ஒரு வரி. இங்கே வெளிச்சம் பிரமாதம் என்று ஒரு வரி. வீட்டுக்காரன் சாமானைத் தெருவில் எறியப் போகிறான், உடனே பணம் அனுப்பவும் என்று மூன்றாவது வரி.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் இந்த இலக்கிய வகையை க்ளோட் மோனே அளவுக்கு வளர்த்தவர் யாரும் இல்லை. நண்பன் பஸீலுக்கு எழுதினார். நாவலாசிரியர் ஸோலாவுக்கு எழுதினார். படம் வாங்கிய டாக்டருக்கு எழுதினார். மானேவுக்கும் எழுதினார். மானே, மோனே என்று இரண்டு பேர் ஒரே ஊரில் ஒரே தொழிலில் இருந்ததே ஏற்கெனவே பெரிய தலைவலி. 1865-ஆம் வருடத்து அரசாங்கக் கண்காட்சியில் மோனே வைத்த கடல் படங்களுக்காக ஜனங்கள் மானேவின் கையைப் பிடித்துக் குலுக்க, என் பெயரில் பிழைப்பு நடத்தும் இந்தப் பயல் யார் என்று அவர் எகிறியிருந்தார். அதே மானே பத்து வருடம் கழித்து, மோனே திண்டாடுகிறார், ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பத்துப் படத்தை ஆயிரம் ஃப்ராங்குக்கு வாங்கிவிடலாமா என்று கூட்டாளி தேடி அலைந்தார். வாங்குவது யார் என்று மோனேவுக்குத் தெரியக்கூடாது என்று நிபந்தனை வேறு.

இந்தக் கதையெல்லாம் மோனேவைப் பற்றிய புத்தகங்களில் வரிசையாக வரும். கடன் கொடுத்தவர், கொடுக்க மறுத்தவர், கொடுத்துவிட்டுப் புலம்பியவர் எல்லாருக்கும் ஆளுக்கொரு பக்கம் உண்டு. மோனேவின் கூடப்பிறந்த அண்ணனுக்கு ரொம்பக் காலம் ஒரு பத்திகூடக் கிடையாது. இத்தனைக்கும் அந்த அண்ணன் செய்த பாவம், தம்பியின் படங்களை யாரும் சீந்தாத காலத்தில் காசு கொடுத்து வாங்கியதுதான்.

அவர் பெயர் லெயோன் மோனே. பிறந்தது 1836. தம்பி நாலு வருடம் கழித்து வந்தான். வீட்டில் தம்பிக்கு ஆஸ்கார் என்று பெயர். உலகம் கும்பிடும் ‘க்ளோட்’ பின்னால் நிலைத்தது. குடும்பம் பாரிஸிலிருந்து லு ஆவ்ர் துறைமுகத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அத்தை வீட்டுக்காரர் கப்பல்களுக்கு மளிகையும் சாமான்களும் மொத்தமாகச் சப்ளை செய்யும் வியாபாரம் நடத்தினார். அப்பா அதில் சேர்ந்தார். அப்பாவின் கனவு எல்லா அப்பாக்களின் கனவுதான்: இரண்டு பையன்களும் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சின்னவன் பள்ளிக்கூடத்து நோட்டில் வாத்தியார்களின் மூக்கை நீளமாக வரைந்துகொண்டிருந்தான். பிறகு ஊர்ப் பெரிய மனிதர்களின் மூக்குக்கு முன்னேறினான். படச்சட்டம் போடும் கடையின் ஜன்னலில் அவன் வரைந்த கேலிப்படங்கள் தொங்கின. ஒன்று இருபது ஃப்ராங்க் வரை போயிற்று. பதினேழு, பதினெட்டு வயதில் இரண்டாயிரம் ஃப்ராங்க் சேர்த்து அத்தையிடம் கொடுத்து வைத்திருந்தான் என்றால் பாருங்கள். வாழ்க்கை முழுவதும் பணம் பணம் என்று அலறிய மனிதர், மீசை முளைக்கும் வயதில் ஊரிலேயே நல்ல வரும்படி உள்ள பையன்.

1856-ல் அவன் கிறுக்கிய ஸ்கெட்ச் நோட்டு ஒன்று இன்றும் இருக்கிறது. பதினைந்து வயதுப் பையனின் நோட்டு. சாதாரணமாக இதையெல்லாம் அம்மாக்கள்தான் பத்திரப்படுத்துவார்கள். இந்த வீட்டில் அம்மா 1857 ஜனவரியில் போய்விட்டார். நோட்டு அண்ணனின் சேகரிப்பில் இருந்தது. அந்த வயதில் எந்த அண்ணனும் தம்பியின் நோட்டைக் கிழித்துப் பொட்டலம்தான் கட்டுவான்.

லெயோன் ரசாயனம் பக்கம் போனார். நீட்டாகப் படித்து, நீட்டாக வேலையில் சேர்ந்து, நீட்டாகச் சம்பளம் வாங்குகிற வகை. சின்னவர் அல்ஜீரியாவுக்குப் பட்டாளத்தில் போனார், நோயோடு திரும்பினார், மிச்ச காலத்துக்கு அத்தை காசு கட்டி மீட்டார். பாரிஸில் காமீய் என்ற பெண்ணோடு குடித்தனம் வைத்தார். கல்யாணத்துக்கு முன்பே குழந்தை. விட்டுவிட்டு வா, சோறு போடுகிறோம் என்று அப்பாவும் அத்தையும் சொன்னார்கள். 1867-ல் பையன் ஜான் பிறந்தான். அந்தக் காலத்தில் மோனேவைத் தாங்கியது நண்பன் பஸீல். ஒரு பெரிய படத்தை 2,500 ஃப்ராங்குக்கு விலை பேசி, மாதம் ஐம்பது என்று தவணை கட்டினான். மாதத் தவணையில் ஓவியம் வாங்கிய முதல் ஏமாளி அவனாகத்தான் இருக்கும். தவணை தாமதமானால் மோனே அவனைத் திட்டிக் கடிதம் எழுதுவார்.

1870 நவம்பரில் பஸீல் ஜெர்மனியோடு நடந்த போரில் இறந்தான். அடுத்த ஜனவரியில் அப்பாவும் போனார். மோனே அப்போது லண்டனில் மூடுபனி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது சாய்ந்துகொள்ளக் குடும்பத்தில் நிலையாக இருந்தவர் அண்ணன்தான்.

அண்ணன் அதற்குள் ரூவான் பக்கத்தில் கால் ஊன்றியிருந்தார். பாரிஸிலிருந்து சேன் நதி கடலுக்குப் போகும் வழியில் இருக்கும் ஊர் ரூவான். நாம் அதை ஜோன் ஆஃப் ஆர்க்கை எரித்த ஊர் என்று படித்திருப்போம். உள்ளூர்க்காரர்களுக்கு அது பருத்தி ஊர். நூற்பு, நெசவு, சாயம், அச்சுத்துணி. அந்த அச்சுத்துணிக்கும் நமக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து போன பூப்போட்ட துணியைப் பார்த்துப் பிரான்ஸ் மயங்கிக் கிடந்தது; உள்ளூர்ப் பட்டுக்காரர்கள் ஒப்பாரி வைத்ததால் அரசாங்கம் 1686-ல் தடை போட்டது; தடை இருந்த எழுபத்து மூன்று வருடமும் ஜனங்கள் கள்ளத்தனமாக உடுத்தினார்கள். 1759-ல் தடை நீங்கியதும் ரூவான் மாதிரி ஊர்கள் நம் துணியை நகல் எடுத்தே பணக்கார ஊர்களாயின. நம்மூரில் சாயவேரைத் தோண்டி எடுத்த அந்தச் சிவப்பின் சத்தை 1868-69 வாக்கில் ஜெர்மானியர்கள் தாரிலிருந்து வடித்துவிட்டார்கள். அதோடு வேர் தோண்டுகிறவன் பிழைப்பு போயிற்று. பாட்டிலில் சாயம் விற்கிறவன் பிழைப்பு வந்தது. லெயோன் இரண்டாவது ஜாதி. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக் கைகி சாயக் கம்பெனிக்காக வேலை பார்த்தார்.

ஆக, மோனே குடும்பத்தில் வண்ணத்தை வைத்துப் பிழைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வண்ணத்தைக் கிலோக் கணக்கில் விற்றார், சாப்பிட்டார். மற்றவர் சதுர அடிக் கணக்கில் பூசினார், சாப்பாட்டுக்குக் கடிதம் எழுதினார்.

ரூவானில் ரோபெக் என்று ஓர் ஓடை. ஓடை என்பது மரியாதைக்கு. இரண்டு பக்கமும் சாயப்பட்டறைகள் வரிசையாக நின்றன. அவை கழுவி ஊற்றுகிற தண்ணீர்தான் அதில் ஓடிற்று. ஒருநாள் மஞ்சள், ஒருநாள் ஊதா, ஒருநாள் நீலம். ரூவான்காரரான ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’யில்கூட இந்த ஓடை நிறம் மாறிக்கொண்டே வருகிறது. திருப்பூர் நொய்யலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1872-ல் தம்பி இந்தப் பக்கம் வந்தார். நகரத்தின் அழகான இடங்களை விட்டுவிட்டு இந்த ஓடையை உட்கார்ந்து வரைந்தார். அண்ணன் இருந்த தெவீய் பகுதியில், புகைபோக்கிகள் புகை கக்க, கூட்ஸ் ரயில் ஒன்று போவதையும் வரைந்தார். பிற்காலத்தில் அல்லிக்குளம் வரைந்து கிழவிகளின் காலண்டரில் இடம்பிடித்த மனிதர், அண்ணன் ஊரில் சாக்கடையையும் கூட்ஸ் வண்டியையும் வரைந்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

அண்ணன் சும்மா விருந்து போட்டதோடு நிற்கவில்லை. அதே 1872-ல் ரூவான் நகராட்சி நடத்திய ஓவியக் கண்காட்சியில் தம்பியின் படங்கள் தொங்குவதற்கு ஏற்பாடு செய்தார். அந்த வருடமே ரூவான் தொழிலதிபர்கள் சேர்ந்து ஒரு தொழில்துறைக் கழகம் ஆரம்பித்தார்கள். அதை நிறுவியவர்களில் லெயோனும் ஒருவர். மில் முதலாளிகள், சாயக்காரர்கள், ரசாயனக்காரர்கள் கூடும் இடம். அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒரு மனிதர் தலைநிமிர்ந்து நடமாடிக்கொண்டு, கூடவே ‘என் தம்பி ஓவியன்’ என்றும் சொல்லிக்கொள்வது லேசான காரியம் இல்லை. இன்றைக்கும் எந்தத் தொழிலதிபர் சங்கத்திலாவது சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி, “அது சரி, வேலை என்ன பண்றாரு?”

1874 வந்தது. ஏப்ரல் 15-ஆம் தேதி பாரிஸில் ஃபோட்டோக்காரர் நதாரின் பழைய ஸ்டூடியோவில் முப்பது ஓவியர்கள் சேர்ந்து சொந்தமாகக் கண்காட்சி போட்டார்கள். நுழைவுக் கட்டணம் ஒரு ஃப்ராங்க். ஜனங்கள் வந்தார்கள், ஒரு ஃப்ராங்குக்கு வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் போனார்கள். லெருவா என்ற விமர்சகர், மோனேவின் சூரியோதயத்தைவிடச் சுவரில் ஒட்டுகிற பூக்காகிதம் பாதி அச்சடித்த நிலையிலேயே உருப்படியாக இருக்கும் என்ற ரீதியில் எழுதி, ‘இம்ப்ரெஷன்’ என்று படத்துக்கு வைத்த பெயரைப் பிடித்துக் கூட்டத்துக்கே பட்டம் சூட்டினார். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால், கண்காட்சிக்காக அந்த ஓவியர்கள் அமைத்த சங்கத்தின் ஒவ்வொரு உறுப்பினரும் 184 ஃப்ராங்க் 50 சாந்தீம் கைக்காசு போட வேண்டியிருந்தது. கலையை விற்கப் போய்க் கலைஞனே டிக்கெட் வாங்கின கதை.

லெருவா சொன்னதை லெயோன் படித்திருந்தால் மனம் புண்பட்டிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். துணியில் பூ அச்சடிக்கிறவர்களுக்குச் சாயம் விற்கிறவர் அவர். பூக்காகிதத்தோடு ஒப்பிட்டால் அவர் ஊரில் அது ஆர்டர் பிடிக்கிற பேச்சு.

இந்த 1874-ல்தான் தம்பி அண்ணனை உட்காரவைத்து ஒரு படம் போட்டார். கறுப்புக் கோட்டு, கணக்குப் பார்க்கிற முகம். கன்னத்தில் மட்டும் சிவப்பு. கொஞ்ச நஞ்சச் சிவப்பு இல்லை. குளிரில் நின்றவரோ, மத்தியானமே இரண்டு கிளாஸ் உள்ளே தள்ளியவரோ என்று பார்க்கிறவன் யோசிக்கிற சிவப்பு. தூரிகை ஓடிய வேகம் அப்படியே தெரிகிறது. கோட்டின் துணி முடியாமல் நிற்கிறது. லெயோனுக்குப் படம் பிடிக்கவில்லை. எப்படிப் பிடிக்கும்? ஸ்டூடியோவில் தூணுக்குப் பக்கத்தில் கை ஊன்றி நின்று, நரைமுடியை ‘டச் அப்’ செய்து வாங்கிப் பழகிய வர்க்கம் அது. வாடிக்கையாளர் வந்து போகிற வீட்டின் வரவேற்பறையில், குடித்தவன் மாதிரி இருக்கிற தன் படத்தை எவன் மாட்டுவான்? எடுத்துக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டார். ஆனால் கவனியுங்கள், தூக்கி எறியவில்லை.

பிடிக்காத படத்தை ஒளித்துவைத்த மனிதரின் ரசனையைப் பற்றி அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. மறு வருடமே அவர் செய்ததைப் பாருங்கள்.

1875 மார்ச் 24. பாரிஸின் ஏலக்கூடம் த்ருவோ. மோனே, ரெனுவார், சிஸ்லே, பெர்த் மோரிஸோ நால்வரும் சேர்ந்து 73 படங்களை ஏலத்துக்கு விட்டார்கள். சென்ற வருடத்துக் கண்காட்சியில் சிரித்து முடிக்காதவர்கள் மிச்சச் சிரிப்போடு இங்கே வந்திருந்தார்கள். கலைக்கல்லூரி மாணவர்கள் வேறு. ஒவ்வொரு படத்தைத் தூக்கிக் காட்டும்போதும் ஊளை. யாராவது விலை கேட்டால் அவனைப் பார்த்து ஊளை. சிலர் படத்தைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினார்கள் என்றும் சொல்வார்கள். மோரிஸோவைப் பார்த்து ஒருவன் கெட்ட வார்த்தை சொல்ல, சக ஓவியர் பிஸ்ஸாரோ அவன் முகத்தில் ஒரு குத்து விட்டார் என்று கதை உண்டு. பிஸ்ஸாரோவுக்குத் தாடி மட்டும் ரிஷி தாடி. கடைசியில் ஏலக்காரர் போலீஸைக் கூப்பிட்டார். ஓவிய ஏலத்துக்குப் பந்தோபஸ்து.

மொத்த வசூல் சுமார் 11,500 ஃப்ராங்க். அதிலும் சில படங்களை அவர்கள் ஆட்களே திரும்ப வாங்கியது. அன்றைக்கு ரொம்ப விலை போனது மோரிஸோவின் படம், 480 ஃப்ராங்க். கேலிக்கு ஆளான பெண்மணிதான் ஆண்களை விட அதிகம் சம்பாதித்தார். இதை யாரும் உரக்கச் சொல்லவில்லை. மோனேவின் படங்கள் இருநூறு, முந்நூறு என்று நகர்ந்தன. ரெனுவாரின் படங்களில் பாதி நூறைக்கூடத் தொடவில்லை; சட்டத்தின் விலை தேறினால் சரி என்கிற நிலை.

இந்த அமளியில் விற்ற படங்கள் சிலவற்றை வாங்கியவர் லெயோன். தம்பியுடையது மட்டும் இல்லை, ரெனுவாருடையதும். இங்கேதான் மனிதரை எனக்குப் பிடித்துப்போகிறது. தம்பி பட்டினி கிடக்கிறான் என்ற பரிதாபம் மட்டும் என்றால் ஒரு மணியார்டர் போதும். போஸ்ட் ஆபீஸில் யாரும் ஊளையிட மாட்டார்கள். ரெனுவார் இவருக்கு மாமனா மச்சானா? சிஸ்லேயும் பிஸ்ஸாரோவும் எந்தக் கொடுக்கல் வாங்கலில் சம்பந்திகள்? அவர்கள் படங்களும் வீட்டுக்கு வந்தன. தம்பியின் படங்கள் மட்டும் இருபது வரை சேர்ந்தன. சாயம் ஒட்டுகிறதா, வெளுக்கிறதா என்று பகல் முழுவதும் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற கண் அவருடையது. நிழல் என்றால் கறுப்பு இல்லை, அதில் நீலமும் ஊதாவும் உண்டு என்று அந்தக் கண்ணுக்கு எந்த விமர்சகனும் சொல்லித்தர வேண்டியிருக்காது. பாரிஸ் விமர்சகர்கள் புல்வெளி இப்படி ஊதாவாக இருக்குமா என்று சண்டை போட்டபோது, ரூவானில் ஓடையே ஊதாவாக ஓடிக்கொண்டிருந்தது.

சரி, தம்பி உண்மையிலேயே பட்டினி கிடந்தாரா? இந்த இடத்தில் மோனே பக்தர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம். அவருடைய கணக்கு நோட்டு கிடைத்திருக்கிறது. 1872-ல் வருமானம் 12,100 ஃப்ராங்க். 1873-ல் 24,800. ஒரு பாரிஸ் தொழிலாளி வருடம் முழுவதும் உழைத்தால் இரண்டாயிரம் பார்ப்பது பெரிது. மோனே வீட்டில் வேலைக்காரர்கள் இருந்தார்கள், தோட்டக்காரர் இருந்தார், நல்ல திராட்சை மது வந்து இறங்கியது. பெரிய வியாபாரி த்யுரான்-ருயேல் 1874-ல் கொள்முதலை நிறுத்தியதும் வரவு சரிந்தது, செலவு சரியவில்லை. ‘குழந்தைக்குப் பால் வாங்கக் காசில்லை’ என்ற வகைக் கடிதங்களில் பாதி, சம்பளம் பாக்கி கேட்ட வேலைக்காரி பக்கத்து அறையில் நிற்கும்போது எழுதப்பட்டவை என்பது என் ஊகம். கஷ்டம் பொய் என்று சொல்ல வரவில்லை. 1879-ல் காமீய் முப்பத்திரண்டு வயதில் இறந்தபோது அந்த வீட்டில் நிஜமாகவே ஒன்றும் இல்லை. அது வேறு.

அந்தச் சாவுக்கு மறு வருடம், 1880 செப்டம்பரில், அண்ணன் கூப்பிட்டார். நார்மண்டிக் கடற்கரையில் லெ பெத்தீத் தால் என்ற குட்டிக் கிராமத்தில் லெயோனுக்கு வீடு இருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளைப் பாறைச் சுவர், நடுவில் கூழாங்கல் கடற்கரை, மீன்காரர்கள். தம்பி போய்ப் பாறைகளை வரைந்தார். அதற்கு முந்தைய சில வருடங்களாகப் பெரும்பாலும் சேன் நதிக்கரையைச் சுற்றிச் சுற்றி வந்தவர், அடுத்த வருடங்களில் ஃபெக்காம், பூர்வீல், எத்ரெத்தா என்று அந்தக் கரையை விடாமல் சுற்றினார். அந்தக் கடல் படங்கள்தான் அவர் கையில் காசைப் புரளவிட்டன. உறவுக்காரன் வீட்டில் நாலு நாள் தங்கி வரலாம் என்று போனது தொழிலாகத் திரும்பிற்று.

கூடப்பிறந்தவர்கள் இல்லாமல் இந்த இம்ப்ரெஷனிஸ்ட் இயக்கமே இல்லை என்றுகூட வாதாடலாம் போலிருக்கிறது. பாரிஸில் பேஸ்ட்ரி கடை வைத்திருந்த ம்யுரேர் தன் தங்கையோடு சேர்ந்து படம் படமாக வாங்கித் தள்ளினார். பிஸ்ஸாரோவுக்கு உதவ ஒருமுறை அவர் படங்களைக் குலுக்கலில் வைத்தார். பரிசு விழுந்தது ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கு. அவள் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதுக்குப் பதிலா ஒரு க்ரீம் பன் குடுங்களேன் என்று கேட்டு வாங்கிப் போனாள் என்பது அந்தக் காலத்து வம்பு. தியோ வான்கோ இன்னொரு உதாரணம். அண்ணன் வின்சென்ட்டுக்கு மாதம் 150 ஃப்ராங்க் அனுப்பி வந்தவர், 1888-ல் தன் காலரிக்காக மோனேவின் அந்தீப் படங்கள் பத்தை ஒரே அடியாக வாங்கினார். ஆக வான்கோ வீட்டுத் தம்பியும் மோனேவுக்குப் படியளந்திருக்கிறார். மோனேவுக்கு மச்சம் அப்படி.

தியோவுக்கும் லெயோனுக்கும் வித்தியாசம் என்னவென்றால், தியோவின் பெட்டியில் கடிதங்கள் இருந்தன. விதவை அவற்றைப் பதிப்பித்தார். கடிதம் இருந்தால் புத்தகம், புத்தகம் இருந்தால் சினிமா. லெயோன் பாவம், ரூவானில் அண்ணனும் தம்பியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுகிற தூரத்தில் இருந்தார்கள். பேசினது எல்லாம் சூப்போடு போயிற்று.

1892-ல் மோனே மறுபடி ரூவானுக்கு வந்து இறங்கினார். இந்தமுறை தேவாலயம். தேவாலயத்துக்கு எதிரே இடம் தேடி, பெண்களின் உள்ளாடையும் நாகரிக உடையும் விற்கிற ஒரு கடையின் மாடி ஜன்னலைப் பிடித்தார். உடை மாற்றிப் பார்க்க வருகிற சீமாட்டிகள், தாடி வைத்த ஆள் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் புகார் செய்தார்கள். கோயிலைத்தான் பார்க்கிறார் அம்மா என்று எத்தனை பேரிடம் சொல்வது? நடுவில் ஒரு திரை வைத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் நாடா கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஐரோப்பிய ஓவியம் திசை மாறிக்கொண்டிருந்தது. வெளிச்சம் மாற மாறக் கேன்வாஸை மாற்றி மாற்றி வரைந்து, கடைசியில் தேவாலயம் நீலமாகவும் ரோஜா நிறமாகவும் மஞ்சளாகவும் தலைமேல் இடிந்து விழுவதுபோலக் கனவு வந்ததாக வீட்டுக்கு எழுதினார். முப்பதுக்கு மேல் அந்த வரிசையில். 1895-ல் பாரிஸில் காட்டியபோது ஒன்றுக்கு 12,000 ஃப்ராங்க் வரை விலை. இருபது வருடத்துக்கு முன் இருநூறுக்கும் முந்நூறுக்கும் ஊளை வாங்கிய அதே கை.

இந்த இடத்தில் ஒரு கோட்பாடு உலவுகிறது. மோனேவின் பளிச்சென்ற வண்ணங்கள் அண்ணனின் செயற்கைச் சாயங்களிலிருந்து வந்தவை என்று. கேட்க ஜோராக இருக்கிறது. கண்ணைப் பழக்கியதில் அண்ணன் ஊருக்குப் பங்கு உண்டு என்று நானே மேலே வாதாடிவிட்டேன். ஆனால் ட்யூபுக்குள் போனால் விஷயம் வேறு. எந்த வண்ணங்களைப் பயன்படுத்துகிறீர்கள் என்று 1905-ல் கேட்டபோது மோனே சொன்ன பட்டியல்: ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன், ஆழ்ந்த மாடர் சிவப்பு, கோபால்ட் நீலம், மரகதப் பச்சை. அவ்வளவுதான் என்று முடித்துவிட்டார். ஆறில் ஐந்து உலோகச் சரக்கு. அந்த ஒரு மாடர் சிவப்பில் வேண்டுமானால் சாயக்காரர்கள் உரிமை கொண்டாடலாம். துணிச்சாயம் வெயிலில் வெளுக்கும் என்பது லெயோனுக்கே எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அதைத் தம்பி தலையில் கட்டியிருக்க மாட்டார்.

தம்பியின் மூத்த பையன் ஜான் வளர்ந்ததும் ரசாயனம் படித்துவிட்டுப் பெரியப்பாவிடமே வேலைக்குச் சேர்ந்தான். இது நம் எல்லாருக்கும் தெரிந்த கதை. பெரியப்பா கம்பெனியில் வேலை என்றால், பையன் லேட்டாக வந்ததும் குடும்ப விவகாரம், சம்பளம் உயராததும் குடும்ப விவகாரம். ஜான் சில வருடம் சாயத்தோடு மல்லாடிவிட்டு விலகினான், பிறகு ட்ரவுட் மீன் வளர்க்கப் போனான், 1914-ல் இறந்துபோனான். அண்ணன் தம்பிக்குள் கடைசிக் காலத்தில் பேச்சு வார்த்தை அற்றுப்போயிற்று. தம்பிக்கு அப்போது ஜிவெர்னியில் சொந்த வீடு, குளம், அல்லி, தோட்டத்துக்கு ஆள் படை. அண்ணனின் ஆதரவு தேவைப்படாத நிலை. இரண்டு கிழவர்கள், ஆளுக்கொரு தாடி, ஆளுக்கொரு பிடிவாதம். லெயோன் 1917-ல் கண்ணை மூடினார்.

பேச்சு அற்ற இந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, அண்ணனுக்கும் தம்பிக்கும் எப்போதுமே ஆகாது என்று பிற்காலத்தில் எழுதிவைத்துவிட்டார்கள். அது மோனேவின் சொந்தக் கதைக்கும் வசதி. 1900 நவம்பரில் ‘லெ தாம்’ பத்திரிகையில் அவர் தன் வாழ்க்கையைச் சொன்னார். தலைப்பே சோதனை வருடங்கள். புரிந்துகொள்ளாத குடும்பம், உதவாத உலகம், ஒற்றை ஆளாகப் போராடி ஜெயித்த கலைஞன். இந்தத் திரைக்கதையில் மாதச் சம்பளம் வாங்குகிற, ரசனை உள்ள, ஏலத்தில் படம் எடுக்கிற அண்ணனுக்கு எங்கே வேஷம் கொடுப்பது? கதாநாயகன் பட்டினி கிடக்கிற காட்சியில் டிபன் கேரியரோடு ஒருவர் உள்ளே வந்தால் காட்சி கெட்டுப்போகும்.

லெயோனுக்குத் தன் பெயரை நிலைநாட்டிக்கொள்ளவும் தெரியவில்லை. அதே ரூவானில் தெப்போ என்று ஒரு நிலக்கரி, பருத்தி வியாபாரி இருந்தார். அவரும் இம்ப்ரெஷனிஸ்ட் படங்களாக வாங்கினார். 1909-ல் 53 படங்களை ஊர் அருங்காட்சியகத்துக்குத் தானம் கொடுத்தார். இன்றைக்கும் போனால் சுவரில் அவர் பெயர். அவருக்கு முன்பே, ஊளைக்கு நடுவே வாங்கிய லெயோனின் படங்கள் குடும்பத்துக்குள்ளேயே பங்காயின, கைமாறின. நாலு படத்தை நகராட்சிக்குக் கொடுத்திருந்தால் ஒரு தெருவுக்காவது பெயர் வைத்திருப்பார்கள்.

2023 மார்ச்சில் பாரிஸ் லுக்சம்பூர் அருங்காட்சியகத்தில் அவருக்கென்று முதன்முறையாகத் தனிக் கண்காட்சி வைத்தார்கள். செத்து நூற்றாறு வருடம் கழித்து. தலைப்பு: ‘லெயோன் மோனே: கலைஞரின் சகோதரர், சேகரிப்பாளர்’. தன் சொந்தக் கண்காட்சியிலும் முதலில் தம்பிக்கு அண்ணன், அப்புறம்தான் மற்றது. காட்சிப் பொருள்களில் பதினைந்து வயதுத் தம்பியின் நோட்டு இருந்தது, சாயக் கம்பெனியின் நிற மாதிரிகள் இருந்தன, அவர் வாங்கிய ரெனுவாரும் பிஸ்ஸாரோவும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் படத்தை யாரும் பார்க்கக்கூடாது என்று அவர் உள்ளே தள்ளி வைத்தாரோ, அதை அதுவரை வெளியாட்கள் பார்த்ததே இல்லை என்று விளம்பரம் செய்து, கன்னச் சிவப்பு தெளிவாகத் தெரிகிற மாதிரி விளக்குப் போட்டு, டிக்கெட் வைத்து, நாலு மாதம் ஊருக்கே காட்டினார்கள்.